தலை மாறிய நெப்போலியன்

அன்புள்ள வாண்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் ஆசை, ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சென்ற வாரம் பேசும்போது உனக்கு இருமல் கேட்டது, மாப்பிள்ளை அதெல்லாம் ஒன்றுமில்லை அத்தை என்றார், அவர் எதைத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், நீ டாக்டரைப் பார்த்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழம்பொருள் கடையில் உள்ள பீங்கான் பொம்மைகளில் தண்ணீர் படக் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி என்பது சின்ன வயதிலேயே உனக்கு மனப்பாடம். நூற்றைம்பது வருஷத்துப் பொம்மைகள், எதில் யார் எப்போது ஒட்டுப்போட்டு வைத்தார்களோ. எல்லாம் தெரிந்தும், கண்ணாடி அலமாரியில் ஜோடியாக நிற்கிற நெப்போலியனையும் அவனைப் போரில் தோற்கடித்த வெலிங்டனையும், முகமெல்லாம் அழுக்கேறிக் கிடக்கிறதே என்று அப்பா வெளியே போன நேரம் பார்த்து வெந்நீரில் முக்கிவிட்டேன். பழைய பசை இளகி இரண்டு தலையும் கழன்று பாத்திரத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டிராயரில் இருந்த பசையை எடுத்து அவசர அவசரமாக ஒட்டி அலமாரியில் வைத்த பிறகுதான் பார்க்கிறேன், வெலிங்டன் உடம்பில் நெப்போலியன் தலை. தொப்பியைக் குறுக்கே வைத்துக்கொண்டு, தோற்ற ஆசாமி ஜெயித்தவன் உடுப்பில் ஜம்மென்று நிற்கிறான். அந்தப் பசை ஒட்டினால் ஒட்டினதுதான், இழுத்துப் பார்க்கவும் பயம்.

அப்பா வந்ததும் வீடு இரண்டாகும் என்று காத்திருந்தேன். வாசலில் நின்றபடியே எந்தப் பொம்மையில் மயிரிழை விரிசல் என்று சொல்லிவிடுகிற மனுஷன், இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தார். “பளிச்சுனு இருக்கே, இப்படித்தான் தொடைக்கணும்” என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். தப்பித்தேன் என்று நினைத்த மறுகணமே, தலை மாறியிருப்பது இவர் கண்ணில் படவில்லையே என்று உறைத்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அன்றிலிருந்து அவர் பின்னாலேயே சுற்றுகிறேன். ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார், இந்த வயதில் என்ன புதுக் கொஞ்சல் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் மியூசியத்தில் நாற்பது பொம்மைகளைப் பார்த்து எது அசல் எது போலி என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருந்தார். ஒன்று பிசகினாலும் அவர் கட்டிக் காத்த பேர் என்னாவது?

நேற்றுக் காலை கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வெலிங்டனை எடுத்துக் கழுத்தையும் தொப்பியையும் கட்டைவிரலால் தடவினார். பிறகு, “ஆறு மாசமா எல்லாத்தையும் தடவித்தான் பாக்கறேன், வலது கண்ணுல ஒரே புகை, இடதும் அப்படித்தான் ஆகிட்டு வருது. இத மட்டும் நீ தொடச்சதாச்சேன்னு தடவாம வெச்சுட்டேன்” என்றார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மியூசியத்துக்கு அவரே போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம். புரையாக இருந்தால் ஆபரேஷனில் சரியாகிவிடும் என்கிறார் மருந்துக்கடைக்காரர், வேறு ஏதாவது என்றால் என்ன செய்வது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது, “அது அவ்வளவு தூரத்துல கெடந்து தவிக்கும்” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பதறிப்போய் டிக்கெட் எடுக்காதே, திங்கள் சாயங்காலம் எனக்கு மட்டும் போன் செய்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் கடிதம் வந்தால், “நீயே படி, உன் குரல்ல கேட்டாத்தான் நல்லா இருக்கு” என்று ஆறு மாதமாக என்னிடமே நீட்டுகிறார். இனிமேல் அவர் பேருக்குத் தனியாக எழுது, புதுப் பேனா தடியாக எழுதுகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கொட்டை எழுத்தில் எழுது. பக்கத்துக்கு நாலு வரி வந்தாலும் போதும், அவராகவே படிக்கட்டும்.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறிய உன் அம்மா