மைக்கை அணைத்த பிறகு

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்றும், உன் குளிர்பதனக் கிடங்கில் நீ இன்னும் உறைந்துபோகவில்லை என்றும் நம்பி எழுதுகிறேன். இந்த உறையைப் பிரிக்கவாவது விரல்கள் வேலை செய்ய வேண்டுமே. உள்ளே ரப்பர் பல்லி இல்லை, தும்மல் பொடி இல்லை. போன முறை பட்ட பாட்டுக்கு நீ கையுறை போட்டுக்கொண்டு பிரித்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். காரணம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நேராக அங்கே தாவாதே, வரிசையில் வா.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்காலோடு சண்டை போடுகிறாள். இதுவரை முழங்கால்தான் ஜெயிக்கிறது. அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் ஓடுகிறது, கார்தான் அவ்வப்போது ஓட மறுக்கிறது. இந்த மாதம் சேர்ந்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் பயத்தில் வாயைத் திறக்கிறாராம்.

கல்லூரி எப்படி என்று கேட்டிருந்தாய். பெரியப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. சவுண்டு விடறதுக்கு மூணு வருஷப் படிப்பா, இவ பொறந்தப்பவே அதுல பாஸாச்சே என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். ஒலிப்பதிவு படிக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னேன், அப்போ எங்க வீட்டு ட்யூப்லைட்டைக் கொஞ்சம் வந்து பாரேன் என்கிறாள். நாங்கள் இதுவரை உருப்படியாகக் கற்றது கேபிள் சுற்றுவது. ஒரு சுற்று இப்படி, அடுத்த சுற்று அப்படி, உள்ளே முறுக்கு விழக் கூடாது. வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றுகிற மாணவர்களைப் பார்த்திருப்பாய். வகுப்பிலேயே உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் நாங்கள்தான். பட்டம் மூன்று வருஷம் கழித்துத்தான் தருவார்களாம். பட்டப்பெயரை முதல் மாதமே தந்துவிட்டார்கள். என்னைக் கத்தரி என்று கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பெயர் வந்த கதையை அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். எங்கள் ஸ்டூடியோ சார் பாடம் நடத்தும்போது பதிவு செய்துவைத்திருந்தேன். அதில் ஓரிடத்திலிருந்து 'நாளைக்கு', இன்னோரிடத்திலிருந்து 'வகுப்பு', வேறு ஒரு நாளிலிருந்து 'கிடையாது'. வெட்டி, ஒட்டி, வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் சார் காலி நாற்காலிகளுக்குப் பாடம் எடுத்தார். எனக்கு ஒரு வாரம் ஸ்டூடியோவுக்குள் நுழையத் தடை. தடை போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒட்டு எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியலையே, எப்படிப் பண்ணினே என்று கேட்டார்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

நீ போனில் அம்மாவிடம் வைத்த நிபந்தனை எனக்கும் வந்து சேர்ந்தது. டிரைவிங் ஸ்கூலை நான் பார்த்துக்கமாட்டேன் என்று நீ கிளம்பிய அன்று, இந்த வாசப்படியைத் தாண்டினா திரும்பி வராதே என்று சொன்னது அப்பாவின் வாய். அதே வாய் வா என்று சொன்னால் வருவாய். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கிடங்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவாய். அம்மா இதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். மறுநாளும் சொன்னாள். அன்று செய்தித்தாள் வரவில்லை, அதனால் வெளியே போய்க் கார் கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்கப்புறம் அம்மா என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். உங்கிட்ட அப்பா குரல் நிறைய இருக்குல்ல என்றாள். இருக்கிறது. போன செமஸ்டரில் ஒரு தொழிலின் சத்தங்களைப் பதிவு செய்து வரச் சொன்னார்கள். அப்பாவின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து நாள் நாளாகப் பதிவு செய்தேன். வீட்டிலும் விடவில்லை. அம்மா குரலைத் தாழ்த்தி, உங்க சாருக்குப் பண்ணின மாதிரி இவருக்கும் பண்ணிடேன், ரெண்டே வார்த்தைதானே, வீட்டுக்கு வா, அவ்ளோதான் என்றாள். பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று நம்மை வளர்த்தவள் இவள். அதை ஞாபகப்படுத்தினேன். பொய் எங்கேடி, அவர் மனசுல இருக்கறதுதானே, வெளியே வர லேட்டாகுது, நீ பின்னாடி நின்னு கொஞ்சம் தள்ளிவிடு என்றாள்.

நான் மறுக்கவில்லை. ஒரு வேலையாகத்தான் எடுத்துக்கொண்டேன். 'வா' தேடினேன். பஞ்சமே இல்லை. வா, வா, இன்னும் வா, ஒடிச்சு வா, போதும், போதும்னு சொன்னேன்ல. எல்லாம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தது. அதில் எந்த 'வா'வை எடுத்து அனுப்பினாலும் நீ வீட்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வருவாய். பாசமான 'வா' ஒன்று இருந்தது, ஆனால் அது எதிர்வீட்டுப் பூனைக்குச் சொன்னது. உனக்குச் சொன்னதாக அதை அனுப்பியிருந்தால் நீ உடனே சந்தேகப்பட்டிருப்பாய்.

கடைசியில் ஒரு சுமாரான 'வா' காரில் கிடைத்தது. 'வீட்டுக்கு' சமையலறையில் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கணும் என்று எப்போதோ சொன்னதில் அதை மட்டும் நறுக்கினேன். இரண்டையும் ஒட்டிக் கேட்டால், அப்பா சமையலறையில் பேச்சை ஆரம்பித்து, காரில் ஏறி உட்கார்ந்து முடிக்கிறார். ஒன்றின் பின்னால் குழாய்த் தண்ணீர், இன்னொன்றின் பின்னால் எஞ்சின். எந்த வார்த்தையும் தனியாக வராது, பேசின இடத்தையும் கூட இழுத்துக்கொண்டுதான் வரும். அதனால் தண்ணீரையும் எஞ்சினையும் முடிந்தவரை வடிகட்டிவிட்டு, கூடத்தில் யாரும் பேசாத நேரமாகப் பார்த்து அந்த வெறும் சத்தத்தை, விசிறியும் ஃப்ரிட்ஜும் தெருவும் கலந்ததை, பதிவு செய்து அடியில் விரித்தேன். ஒட்டு மறைந்துவிட்டது. அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்கு வா என்கிறார். நல்ல வேலை, அண்ணா. சாரிடம் காட்டியிருந்தால் தலையில் குட்டிவிட்டு மார்க் போட்டிருப்பார்.

அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனில் போட்டிருக்க வேண்டும். வேலையைக் காட்டும் பெருமையில் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா, இன்னொரு தடவை போடு என்றாள். போட்டேன். மறுபடி போடு என்றாள். அப்படிப் போட்டுக்கொண்டே இருந்தபோது திரும்பிப் பார்த்தால் அப்பா கதவருகே நிற்கிறார், கையில் கார் சாவி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

இதை நான் எப்போ சொன்னேன் என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தாள். நீங்க சொல்லலப்பா, நான்தான் சொல்ல வெச்சேன் என்றேன். சொல்லிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனேன், அவர் கைக்கு எட்டாத தூரம். அவர் அடிக்க வரவில்லை. போடு இன்னொரு தடவை என்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், நான் இப்படிச் சொல்லமாட்டேனே என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? வேற எப்படிச் சொல்வீங்க என்று கேட்டு, பதிவை ஓடவிட்டு மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நாளெல்லாம் அடுத்தவர் காதில் கிளட்ச், கிளட்ச் என்று கத்துகிற மனிதர், அந்தப் பொட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றார். பிறகு, அதை அணை என்றார்.

விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் பதிவை ஓடவிடுவது எனக்கு ஒரு விஷயமே இல்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்வது அதுதான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே, உருப்படியாகப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும் என்பார்கள். நீயும் இந்நேரம் என்னிடம் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு படிப்பாய். நான் மைக்கின் ஒயரையே பிடுங்கிக் கீழே போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

அப்பா சொன்னார். தணிந்த குரலில்கூட இல்லை. பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி, விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கையெழுத்து ஒண்ணும் போட வேணாம்னு சொல்லு, ஸ்கூலை அவன் பாத்துக்க வேணாம், சும்மா வந்து வீட்டுல இருந்தாப் போதும், வரச் சொல்லு. இவ்வளவுதான். நடுவில் ஒரு செருமல் இருந்தது, அதை எழுத்தில் எப்படிப் போடுவது என்று எங்களுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

முடித்துவிட்டு, பதிவுல விழுந்துதா என்று கேட்டார். நீங்கதானேப்பா அணைக்கச் சொன்னீங்க என்றேன். ஆமாம்ல என்றார். இன்னொரு தடவை சொல்லுங்க, பிடிச்சுக்கறேன் என்றேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியே பிழைக்கிற மனிதர், அதான் சொல்லிட்டேனே என்று போய்க் காரில் ஏறிவிட்டார். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தொட்டியில் கழுவப் பாத்திரமே இல்லை.

போனில் பேசச் சொல்ல வேண்டியதுதானே என்பாய். சாயங்காலம் உன் எண்ணைப் போட்டுக் கொடுக்கப் போனேன். எங்கிட்ட எதுக்கு, உங்கிட்டதான் சொல்லிட்டேனே, நீ சொல்லிடு என்றார். இந்த வீட்டில் நம்பிக்கையான ஆள் என்று அவர் பிடித்தது என்னை.

இப்போது என் நிலைமையைப் பார். அப்பா சொல்லாதது என்னிடம் சுத்தமாகப் பதிவாகி இருந்தது. அவர் சொன்னது எங்குமே இல்லை. முதலாவதை அழித்துவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அழிக்காமல் அனுப்பியிருந்தாலும், எங்கேடி வெட்டினே என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். அம்மா குரலில் பேசி உன்னை நடுராத்திரியில் எழுப்பிவிட்டவள் எந்தச் சத்தத்தை அனுப்பினாலும் நீ நம்பமாட்டாய். அதனால்தான் வெட்ட முடியாத பேனா.

ஒன்று சொல்கிறேன். அப்பா வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் நீ சொன்னாய். உன் காதால் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் சொன்னபோது அறையில் கேட்க நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். அம்மாவைக் கேள், பொய் சொல்லத் தயாராக இருந்தவள்தான், ஆனால் இதில் அவளுக்குப் பொய் தேவைப்படவில்லை.

நான் சொல்லி நீ இதுவரை நம்பியதெல்லாம் கடைசியில் சிரிப்பில்தான் முடிந்திருக்கிறது. இதை நம்பு. உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அப்பா சொன்னதை எழுதிவிட்டேன், அம்மா கேட்டதையும் எழுதிவிட்டேன். இது அவர்கள் யாருக்காகவும் இல்லை, நான் சொல்வது: வா, அண்ணா.

இப்படிக்கு,
வெட்டாமல் ஒட்டாமல் எழுதியிருக்கும்
உன் தங்கை