கயிறு இழுத்தவர் பெயர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. போனில் சொல்லப் பயம், அதனால் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

தொழிற்சாலையில் எங்கள் வேலை வரிசையில் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்குமே, அதில் குறை கண்டவர் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். வரிசை நிற்கும், கூடிச் சரிசெய்வோம். 'லீன்' என்கிற உற்பத்தி முறை வகுப்பில் ஏழு வருஷமாகச் சொல்லித் தந்தது அதுதான். போன மாதம், கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து நீ செய்த கணினித் திரையை இங்கே மாட்டினார்கள். இப்போது இழுத்தவர் பெயர் சிவப்பாக எரிகிறது, எத்தனை நிமிஷம் நின்றது என்பதோடு. மூன்று தடவை சிவப்பு வாங்கிய பக்கத்து மேஜைக்காரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று ஒரு பிரேக் பெடலின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் பார்த்தேன். கை கயிறு வரை போனது. திரையைப் பார்த்தேன், கையை இறக்கிவிட்டேன். பெடல் பெட்டிக்குள் போய்விட்டது. யார் காலுக்கடியில் போய்ச் சேருமோ.

நீ சொன்னபடி, நான் உன் அக்கா என்று இங்கே மூச்சு விடவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. குறை எங்கே வருகிறது என்று காட்டத்தான் அந்தத் திரையைச் செய்தேன். பெயரைப் போடச் சொன்னது மேலிடம். அரை மணி நேர வேலைதானே என்று செய்துகொடுத்தேன்.

பதிவுகளைத் திறந்து பார்த்தேன். முன்பு தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை இழுப்பீர்கள். இப்போது பதினொரு நாளாகப் பூஜ்யம். அதற்காக நேற்றுக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள் அக்கா.

உன் பெட்டி கிடங்கில்தான் இருக்கிறது. பதினாறாம் தேதி லாரி ஏறும். நான் நிறுத்தினால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். பயமாக இருக்கிறது. நீயும் கொஞ்ச நாள் பேசாமல் இரு.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

பேசாமல் இருக்கச் சொல்கிறாய். பிரேக் இல்லாத சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கி முட்டியை உடைத்துக்கொண்டு வந்தாயே, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். எனக்குப் பாடம் எடுக்காதே.

கோபத்தில் எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. பதினாறாம் தேதி காலை ஷிப்டில் கயிற்றை இழுக்கப்போகிறேன். ஏன் என்று கேட்டால், "மூணாம் தேதி பெட்டியைத் திறந்து பாருங்க" என்பேன். வேலை போனால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. உன் பெயர் என் வாயிலிருந்து வராது, நீ நிம்மதியாக இரு.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. காலையிலிருந்து ஆபீஸில் இருக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பத்துக்கு உன் பெயர் சிவப்பானது. உடனே கிடங்குக்குப் போன் செய்து லாரியை நிறுத்தச் சொன்னேன். இப்போது பெட்டியைத் திறக்கப் போயிருக்கிறார்கள்.

நான் போனை வைத்ததும் இங்கே மேனேஜர் கத்தினார். "பதினெட்டு நாள் பூஜ்யத்தைக் கெடுத்துட்டாளே, யாருய்யா இந்தப் பொம்பளை?"

அத்தனை பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்றேன்.

"எங்க அக்கா சார்" என்றேன்.

தம்பி