இருபது முடிச்சுக் கயிறு

கும்மிடிப்பூண்டி, 12-7-1974

அன்புள்ள அங்காளம்மாளுக்கு, உன் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல விக்டோரியா டீச்சர் எழுதுகிறார். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

பால்வாடிப் பிள்ளைகளை ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்துத்தான் ரோடு தாண்டிக் கூட்டிவருகிறேன். ஆளுக்கொரு முடிச்சு. போன வாரம் நான் கதவைச் சாத்த மறந்ததில், வருகைப் பதிவேட்டை ஆடு தின்றுவிட்டது. பதிவு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு மாதர் சங்கம் தரும் கோதுமை நின்றுவிடும். டீச்சர் அழுதே விட்டார். இதை எழுத மாட்டேன் என்கிறார், நான்தான் எழுதச் சொன்னேன்.

சங்கத்திலிருந்து வந்த அம்மாவிடம், எந்த நாள் எந்த முடிச்சு காலி என்று மூன்று மாதத்தையும் ஒப்பித்தேன்.

"எப்படிப் பெரியவரே ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"ஒரு புள்ள வரலைன்னாலும் கயிறு லேசா பூடும்மா. கைக்குத் தெரியாதா?"

அவர் நாலு வீட்டில் விசாரித்துவிட்டு, நான் சொன்னதையே புதுப் பதிவேட்டில் எழுதினார். கோதுமை வந்துவிட்டது. கைநாட்டுக்காரன் பேச்சை நம்பிய அந்த மகராசி நன்றாயிருக்கட்டும்.

கயிறு நைந்துவிட்டது. உன் கையால் புதிதாக ஒன்று திரித்து, இருபது முடிச்சுப் போடு. தபாலில் வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு வா.

டீச்சர் மணியடிக்க எழுந்துவிட்டார். பிள்ளைகள் பத்தொன்பது பேர்தான். கடைசி முடிச்சைப் பிடிக்க ஆள் இல்லை.

இப்படிக்கு,
முனிகிருஷ்ணன் (கைநாட்டு)