அக்காவின் ஓட்டை வேலி

அக்கா,

முந்தாநாள் ஒரு பொய் சொன்னேன். உன் மணல்மேட்டை நான் உண்டாக்கினேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி வேறு நின்றேன். நாற்பத்தாறு வயதில் எவளுக்கு இப்படிப் புத்தி போகும்? செத்து மூன்று வருஷமான ஓரகத்தி மேல் இன்னமும் பொறாமைப்படுகிறவள் புதுமடத்திலிருந்து மண்டபம் வரைக்கும் தேடினாலும் நான் ஒருத்திதான் அகப்படுவேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏதோ ஒரு பெரிய காலேஜிலிருந்து ஒரு வாத்தியார் இரண்டு மாணவர்களோடு வந்திருந்தார். கண்ணாடி, தொப்பி, கையில் ஒரு தடித்த நோட்டு. காற்று மணலை எங்கே கொண்டுபோகிறது, எங்கே போடுகிறது, கடலோர ஊர்களில் மரத்தையும் வேலியையும் பாதையையும் எந்தக் கணக்கில் வைத்தால் நிலம் நிற்கும் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். நம் குடிதண்ணீர் ஊற்றுக்கு முன்னால் இருக்கிற மேட்டில் ஏறினார், இறங்கினார், கயிறு பிடித்து அளந்தார். பிறகு அடம்பங்கொடியை விலக்கி, மணலைக் கையால் தோண்டி, உள்ளேயிருந்து ஒரு பனைமட்டையை உருவினார். பாதி உளுத்துப்போன மட்டை. அதன் தலையில் ஒரு துணிக் கிழிசல் இன்னும் கட்டியிருந்தது. அரக்குக் கலர்.

அந்தச் சேலை எனக்குத் தெரியாதா? கமுதியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தாயே, அது. அதன் மேல் எனக்கு ஒரு கண் உண்டு. அதைக் கிழித்து வேலிக்குக் கட்டினாயே பாவி என்று அன்றைக்கே வயிறு எரிந்தேன். பதிமூன்று வருஷம் மணலுக்குள் கிடந்தும் சாயம் போகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"இந்த வேலியைப் போட்டது யாரும்மா?" என்று வாத்தியார் கேட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

உன் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நீ இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது கடலைப் பார்த்ததே இல்லை. நானோ இந்தக் கரையிலேயே பிறந்து, இந்த மணலிலேயே பல் முளைத்தவள். இரண்டு வருஷம் கழித்து உன் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு நான் வந்தபோது, இந்தக் கரிசக்காட்டுக்காரிக்கு நாம்தான் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெம்பாக வந்தேன். வந்த முதல் நாளே மாமியார், "மூத்தவ வச்ச மீன்கொழம்ப ஊத்திச் சாப்புடு, அப்பத்தான் உனக்கும் பழகும்" என்றார்கள். என்னிடம்! கடலோரத்தில் பிறந்தவளிடம்! அன்றைக்கு ஆரம்பித்தது அக்கா.

உன் பிறந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் ஒரு மூடை மிளகாய் வரும். கொல்லையில் பாய் விரித்துக் காயப்போடுவாய். கச்சான் காற்று கடலிலிருந்து ஏறி அடிக்கிற மாதங்களில் மிளகாய் பாதி, மணல் பாதி. குழம்பு நறநறவென்று இருக்கும். அந்த ஒரு குறையாவது உன்னிடம் இருக்கிறதே என்று நான் ஆசையாகச் சாப்பிடுவேன். அதையும் நீ பொறுக்கவில்லை. பாய்க்குக் காற்று வருகிற பக்கம் பனையோலைத் தட்டி வைத்துப் பார்த்தாய். நெருக்கமான தட்டி வைத்தால் மணல் மேலே ஏறிப் பறந்து நேராக மிளகாயில் விழுந்தது. பழைய, ஓட்டை விழுந்த தட்டியை வைத்தால் மணல் தட்டியடியிலேயே குவிந்து நின்றது. நீ மிளகாயை மறந்துவிட்டு அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் மாமியாரிடம் போய், "அக்காவுக்கு வெயில் தலைக்கேறிருச்சு" என்று சொன்னேன்.

அந்த வருஷங்களில்தான் மணல் ஊருக்குள் வர ஆரம்பித்தது. வேலியோரத்துத் தென்னைகள் இடுப்பளவு புதைந்தன. அதுகூடப் போகட்டும். ஊர் முழுக்கக் குடிக்கிற நல்ல தண்ணீர் அந்த ஒரு ஊற்றில்தான். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்போம். அது மூடினால் இரண்டு மைல் நடக்க வேண்டும். காட்டிலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மணலை எப்படி நிறுத்தலாம் என்று சோதனை செய்யப் போவதாகச் சொல்லி, ஊற்றுக்கு முன்னால் முப்பது முப்பது அடியாக இரண்டு துண்டு அளந்து, பெண்களே ஓலைவேலி போடட்டும் என்றார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு.

என் வேலியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான். ஓலையை ஓலைக்குள் கொடுத்து, ஈ நுழைய இடமில்லாமல் முடைந்தேன். நீ ஒரு மட்டை நட்டு, ஒரு ஓலை வைத்து, அடுத்த ஓலைக்கு இடம் விட்டு, கந்தல் துணியால் கட்டிக்கொண்டு போனாய். பாதி வேலி, பாதி வெளிச்சம். தண்ணீருக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள்.

"ஏக்கா, வேலி போடச் சொன்னாகளா, சல்லடை பின்னச் சொன்னாகளா?" என்றேன்.

"நீ சிரிடி" என்றாய். "முழுசா அடைச்சா காத்துக்குக் கோவம் வந்துரும். அடியில பறிச்சு, ஏறிக் குதிச்சு அந்தப் பக்கம் கொட்டும். கொஞ்சம் வழி விட்டமுன்னா அலுத்துப்போயி, கையில உள்ள மண்ணக் கீழ வச்சுட்டுப் போயிரும்."

"காத்துக்குக் கையி இருக்கா?"

"உனக்கு வாயி இருக்குல்ல, அது மாதிரி அதுக்குக் கையி."

அதிகாரி வந்து பார்த்தார். என் வேலியைத் தட்டிக்கொடுத்து, "வேலி என்றால் இது" என்றார். உன் வேலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிட்டார். அக்கா, என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன். நீயும் கேட்டுக்கொண்டே வந்தாய்.

கச்சான் எடுத்தது. பத்து நாள் விடாமல் அடித்தது. பதினோராம் நாள் காலையில் குடத்தோடு போனால், உன் துண்டில் மணல் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சரிந்து, மாட்டின் முதுகு மாதிரி மெத்தென்று படுத்திருந்தது. என் துண்டில் வேலிக்கு அடியில் ஆள் ஒளிந்துகொள்கிற பள்ளம். பள்ளத்து மணல் முழுவதும் மேலே ஏறி அந்தப் பக்கம் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் ஊற்று. ஊற்று இருந்த இடமே தெரியவில்லை.

பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அழகான வேலிடி ஆத்தா. ஈயும் வரல, தண்ணியும் வரல" என்று ஒருத்தி சொன்னாள். நீ ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். நீ முந்தானையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலை வாரத் தொடங்கினாய். இரண்டு நாள் வாரினோம். தண்ணீர் ஊறி மேலே வந்ததும் நேராக என் வேலிக்குப் போய், "ஒண்ணு விட்டு ஒண்ணு உருவுடி" என்றாய்.

"மாட்டேன்" என்றேன். நான் முடைந்ததிலேயே நல்ல முடைச்சல் அது.

"சரி. அப்ப நீயே வச்சுக்க. நாளைக்கு இங்கன வார பொம்பளைககிட்ட நீயே பதில் சொல்லிக்க."

உருவினேன். அழுதுகொண்டே உருவினேன். நீ பார்க்காத மாதிரி இருந்தாய்.

மறுபடி அதிகாரி வந்தபோது இரண்டு துண்டிலும் மேடு எழும்பியிருந்தது. உடனே மேட்டின் மேல் சவுக்குக் கன்று வைக்கப்போகிறேன் என்றார். நீ ஊற்றுக்குக் குறுக்கே போய் நின்றாய். "அய்யா, அது தாகத்துக்காரன். ஊத்துக்குப் பக்கத்துல குடிவச்சா நாங்க குடத்தக் கமுத்திட்டு உக்காரணும். மேட்டுல அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் போதும், அதுக மண்ணுல கெடக்குற ஈரத்துல பொழச்சுக்கும். சவுக்க அங்கன, தோப்போரமா வைங்க." அதிகாரி கன்றுகளைத் தோப்போரம் தூக்கச் சொன்னார். "வேலியில் இடம் விடுவது யாருடைய யோசனை?" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு கேட்டார். நீ என் பக்கம் கையைக் காட்டி, "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான்" என்றாய்.

அதை நான் மன்னிக்கவே இல்லை. ஜெயித்ததையாவது தாங்கலாம். ஜெயித்ததில் பாதியை எடுத்து என் மடியில் போட்டால் அதை நான் எங்கே வைப்பது?

நீ காய்ச்சலில் போய் நான்கு மாதத்தில், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் புயல். மறுநாள் காலையில் எங்கள் கூரையில் கால்வாசி இல்லை. நான் கூரையைப் பார்க்கவில்லை, ஊற்றுக்குத்தான் ஓடினேன். மேடு இருந்தது. முகப்பு கொஞ்சம் அரித்திருந்தது, கொடி கந்தலாகக் கிடந்தது, ஆனால் மேடு இருந்தது. சிரட்டையில் மொண்டு வாயில் வைத்தேன். இனித்தது. "இதுலயும் நீதானாடி" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். உன்னை "டி" போட்டது அன்றைக்கு ஒரு தடவைதான்.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். நான்தான் என்று சொன்னதும் வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் காலேஜில் நீளமாக ஒரு பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, உள்ளே மணலும் சின்னச் சின்ன வேலியும் வைத்து ஊதிப் பார்க்கிறார்களாம். பாதி அடைப்பும் பாதி திறப்புமாக இருக்கிற வேலிதான் மணலை நன்றாகப் பிடிக்கிறது என்று இப்போதுதான் கண்டார்களாம். அத்தனை பேர் சேர்ந்து, பெட்டி செய்து, விசிறி ஓட்டிக் கண்டதை நீ ஒரு பாய் மிளகாயில் கண்டிருக்கிறாய். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது.

"ஏம்மா இடம் விட்டுக் கட்டினீங்க? என்ன யோசிச்சீங்க?" என்றார்.

உன் வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் உன் குரலிலேயே வந்துவிடும் என்று தோன்றியது. "ஓலை பத்தலைங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மாணவர்களிடம் திரும்பி, "பாத்தீங்களா, தற்செயல்" என்று சொல்லி அதையே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு உன் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஓலை பத்தலையாக்கும். நம்ம தோப்புல எரநூறு பனை நிக்கிது." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "அவ கேட்டிருந்தா சிரிச்சிருப்பா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. உன் பெயரை நான் எடுத்துக்கொண்டதுகூடப் பெரிதில்லை அக்கா. நீ யோசித்ததை யோசிக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டேனே.

நேற்றுக் காலை அவர்கள் ஏறப்போகிற வண்டிக்கு முன்னால் உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு நடந்தேன். வாத்தியார் பிளாட்பாரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, நான் சொன்னது பொய்யிங்க. ஓலை நெறைய இருந்துச்சு. இடம் விட்டது எங்க அக்கா, வீட்டுக்கு மூத்தவ. வேணும்னுதான் விட்டா. எனக்கு அவமேல பொறாமை, அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல்லுங்க என்றார். சொன்னேன். மிளகாய், தட்டி, காற்றின் கோபம், அலுத்துப்போய் மண்ணைக் கீழே வைப்பது, சவுக்கின் தாகம், எல்லாம். நீ சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். என் வேலி ஊற்றை மூடியதையும் சொன்னேன். தற்செயல் என்று எழுதியிருந்ததை என் கண்ணெதிரே அடித்தார்.

"படிச்சவங்களா?"

"ரெண்டாங்கிளாசுங்க. நான் மூணு" என்றேன். அது ஒன்றிலாவது நான் ஒரு படி மேலே என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தீரவில்லை. இன்றைக்கும் தட்டி முடைய உட்கார்ந்தால் ஒரு ஓலைக்கு இடம் விட்டுத்தான் கை போகிறது, உன்னைத் திட்டிக்கொண்டேதான் போகிறது. அந்தப் பொறாமையை விட்டுவிட்டால் உன்னை எந்தப் பக்கமாக நினைப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

உன் பெயரையும் கமுதி என்று ஊரையும் அவர் எழுதினார். சரியாக எழுதினாரா என்று பார்க்க நோட்டை வாங்கினேன். எழுத்துக் கூட்டித்தானே படிக்க வேண்டும், கொஞ்சம் நேரம் பிடித்தது. சரியாகத்தான் இருந்தது. மேலேயிருந்து மறுபடி ஒரு தடவை படித்தேன். அதற்குள் வண்டி வந்து, மாணவர்கள் பெட்டிகளை ஏற்றி, வாத்தியாரும் ஏறி, ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வண்டி ராமநாதபுரம் பக்கமாகப் போய்விட்டது. நோட்டு என் கக்கத்தில் இருந்தது. நோட்டை அனுப்பிவைக்க ஸ்டேஷன் மாஸ்டர் வாத்தியார் பெயரும் காலேஜ் பெயரும் கேட்டார். இரண்டும் எனக்குத் தெரியவில்லை.