குழாயில் கேட்ட தட்டல்

லூயிஸ்டன், சனிக்கிழமை

அன்புள்ள அல்சீட்டுக்கு,

உன் கூட்டாளி ஓவிலா எழுதுவது. என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நம்பு. ஒவ்வொரு எழுத்தாக வைத்து வருவதால் காபி ஆறிவிட்டது. நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அம்மா இப்போது என்னிடம் செய்தித்தாளையே கொடுக்கிறாள். வாழ்நாள் முழுக்க நாம் கையாண்ட பித்தளை வால்வுகளில் ஏதோ பூவேலை என்று நினைத்தேனே, அது 'நீராவி' என்ற சொல்! படித்ததும் தனியாகச் சிரித்தேன்.

உன் மகள் ரொலாண்டின் கடிதத்தையும் நானே படித்தேன். இந்த வாரம் உனக்கு இதய அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தாள். எந்தக் கிழமை என்று எழுதவில்லை. ஃப்ளோரிடாவுக்கு போன் போட்டுப் பார்க்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள்.

இங்கே பனி கொட்டிவிட்டது. வியாழக்கிழமை மதாம் மெர்சியே வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி அறையைச் சூடாக்கும் நீராவி ரேடியேட்டர் இடி இடிப்பதுபோல் சத்தம் போடுகிறதாம். தரை அமிழ்ந்து ரேடியேட்டர் பின்பக்கம் சாய்ந்துவிட்டது, நீராவி ஆறிச் சேரும் தண்ணீர் வடிய வழியில்லை. கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து நிமிர்த்தினேன். வால்வும் அது நிற்கும் குழாய்த்துண்டும் அரித்துப் போயிருந்தன. இரண்டையும் மாற்ற வேண்டும்.

நீ ஃப்ளோரிடாவுக்குப் போனபிறகு தனியாகத்தான் வேலை செய்கிறேன். கூடத்துச் சுவரில் இருக்கும் சூட்டுத் திருகை இறக்கி பாய்லரை அணைத்தேன். நிலவறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மேலே யார் திருகினாலும் பாய்லர் எரியாதபடி கீழே அதன் பெரிய சுவிட்சை அணைப்பது எப்போதும் உன் வேலை. அது என் நினைவுக்கே வரவில்லை.

குப்புறப் படுத்து, முகத்தை வால்வுக்கு அருகே வைத்து, ரெஞ்சைப் பூட்டினேன். குழாய் சில்லென்றுதான் இருந்தது. அப்போது கீழிருந்து ஒரு தட்டல். தொடர்ந்து, இரும்பின்மேல் ரெஞ்சை இழுக்கும் நீண்ட உரசல்.

மாடியில் ஒருவனும் நிலவறையில் ஒருவனுமாக வேலை செய்யும்போது குழாயில் தட்டித்தானே பேசுவோம். மற்ற ஆட்கள் திறக்க ஒரு தட்டு, மூட இரண்டு தட்டு என்பதோடு சரி. தட்டிவிட்டு இழுப்பவன் நீ ஒருவன்தான். கையை எடு என்று அதற்கு அர்த்தம். இந்தக் கிழட்டுக் கழுதைக்கு வாயால் சொன்னால் ஏறாது, குழாயால்தான் சொல்லணும் என்று என்னைக் கிண்டல் செய்வாயே.

யோசிக்காமல் கையை எடுத்துப் பின்னால் நகர்ந்தேன். மூச்சு விடுவதற்குள் ரேடியேட்டரின் காற்றுத் துளை சீறியது. நீராவி வந்துவிட்டது. குளிராக இருக்கிறதென்று மதாம் கூடத்துச் சூட்டுத் திருகை மறுபடி ஏற்றியிருக்கிறாள். வால்வைக் கழற்றியிருந்தால் என் கண்கள் போயிருக்கும். இந்தக் கடிதமும் இல்லை.

குழாய் சூடேறும்போது தானாகவே தட்டும், எனக்கும் தெரியும். ஆனால் அது சூடேறியிருக்கவில்லை. தண்ணீர் தட்டினாலும் ரெஞ்சை இழுக்காது. நான் கீழே இறங்கியபோது மதாம் அடுப்படியிலிருந்து கேட்டாள்:

"உங்க கூட்டாளி திரும்பி வந்துட்டாரா? கீழே தட்டுறாரே. மேலே வரச் சொல்லுங்க, பட்டாணி சூப் சூடா இருக்கு."

வந்துவிட்டான் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தாள்.

நிலவறைக் கதவு நான் பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. மாடிக்குப் போகும் குழாயின் வெள்ளிப் பூச்சில் ஒரு கீறல், புதிதாக. நான் கை தூக்கினால்தான் எட்டும், உனக்கென்றால் தோள் உயரம். பெரிய சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாம் ஆறியபின் வேலையை முடித்தேன். இப்போது அந்த வீட்டில் சத்தமே இல்லை.

அல்சீட், வியாழக்கிழமை மதியம் உனக்கு எப்படி இருந்தது? தூங்கிக்கொண்டிருந்தாயா? அதை மட்டும் எழுது. ரொலாண்டை எழுதச் சொல்லாதே, நீயே எழுது. கோணல்மாணலாக இருந்தாலும் படித்துவிடுவேன், இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். தினமும் தபால்காரன் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். அவன் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எனக்கு உதவிக்கு ஆள் வேண்டாம், பார்த்துக்கொள்வேன். கடவுள் உன்னை அங்கேயே, அந்தக் கட்டிலிலேயே வைத்துக் காக்கட்டும்.

உன்
ஓவிலா