உன் அளவில் ஒரு துப்பாக்கிக் கட்டை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவது வழக்கம், ஆனால் இந்தத் தடவை அந்த வரி எனக்கு எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் அடித்தால் அப்பாதான் முதலில் ஓடிப்போய் எடுக்கிறார், கணீரென்று உன்னிடம் நாலு வார்த்தை பேசுகிறார், அப்புறம் அங்கேயே என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் என்னத்தைச் சொல்வது. ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதற்கு, அம்மா நீங்க சும்மா பெரிசு பண்றீங்க, அப்பா நல்லாத்தானே பேசறார்னு சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு போனை வாளித் தண்ணீரில் போட்டிருப்பேன்.

முதலில் பல் டாக்டர் விஷயத்தைக் கேள். உனக்கு அவரைத் தெரியும், குட்டையாக, கழுத்தே இல்லாமல் சட்டைக் காலர் மேலேயே தலையை வைத்தாற்போல் இருப்பாரே, அவர்தான். நம் பட்டறையில் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை போட்டுக்கொண்டு போனவர் ஒரே வாரத்தில் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். பல்லுக்கு வைத்தியம் பார்க்கிற மனுஷனே கன்னம் வீங்கி வந்து நின்றால் சிரிப்பு வராதா, சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கட்டை ரொம்ப நீளம்மா, தோள்ல வச்சா விசைக்கு விரல் எட்டலை, எக்கிச் சுட்டா கன்னத்துல அறையுதுன்னார். அந்தக் கட்டையைச் செய்யும்போது அப்பா அவரை நிற்க வைத்து, முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் அளந்து, கன்ன எலும்பைத் தடவிப் பார்த்து, குழல் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்த்துத்தான் ஆரம்பித்தார், நான் பக்கத்திலேயே இருந்தேன். அளந்ததெல்லாம் சரி, அறுத்ததுதான் வேறு. அதற்கப்புறம் வந்த இரண்டு பேருக்கும் இதே கதை. திரும்பி வந்த மூன்று கட்டையையும் பட்டறை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன், ஒருத்தர் குட்டை, ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் ஒல்லிப் பெண்பிள்ளை, கட்டைகளில் மட்டும் மயிரிழை வித்தியாசம் இல்லை. எனக்கு என்னமோ தோன்றி, பெட்டியிலிருந்து உன் பழைய துப்பாக்கியை எடுத்து நாலாவதாக வைத்தேன். நாலும் ஒரே அளவு. நீளம், கன்னம் படுகிற உயரம், தோளில் உட்காருகிற பள்ளம், எல்லாம் நீயடா. யாரை அளந்தாலும் அந்தக் கை உன்னைத்தான் செதுக்குகிறது.

அப்பாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இது மறதி நோய், இனிமேல் கூடத்தான் செய்யும், அறுக்கிற சாமானையெல்லாம் கண்ணில் படாமல் வையுங்கள் என்றார். வைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் உன் தங்கையின் கட்டையை அப்பா முடித்துவிட்டார்.

அவள் இடக்கைக்காரி, உனக்குத் தெரியாததா. ஸ்பூன் பிடித்தது, பென்சில் பிடித்தது, குறி பார்ப்பது எல்லாம் இடப்பக்கம்தான். உனக்குக் கட்டை வலப்பக்கம் லேசாக விலகியிருக்கிற மாதிரி அவளுக்கு இடப்பக்கம் விலக வேண்டும். இவள் இடக்கை என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே அப்பாதான். அந்த அப்பா, துப்பாக்கி சுடுகிற தேர்வுப் போட்டிக்கு என்று பார்த்துப் பார்த்து இழைத்து, துணியில் சுற்றி எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் இடத்தோளில் வைத்துப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டு, கச்சிதமா இருக்குப்பான்னு சொன்னாள். அன்றிலிருந்து வலத்தோளிலேயே சுட்டுக்கொண்டிருக்கிறாள். உடம்புக்குத் தகுந்தபடி கட்டையை இழைத்துக் கொடுத்துப் பிழைக்கிற வீட்டில், இந்தப் பெண் கட்டைக்குத் தகுந்தபடி உடம்பை மாற்றிக்கொண்டிருக்கிறாள். தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருக்கிறது. சுட்டு உடைப்பதற்கு மேலே எறிகிற மண் தட்டெல்லாம் முழுசாகக் கீழே வந்து விழுகிறதாம். அவளுடைய கோச் வீட்டுக்கே வந்துவிட்டார். கிளப்பில் இடக்கைத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், அதைத் தொடமாட்டேன் என்கிறாள், இப்படியே போனால் போட்டிப் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை என்றார். போட்டி அடுத்த மாதம். இதை விட்டால் அவள் வயசுக்கு இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள், பள்ளிக்கூட நாளிலிருந்து இதற்காகவே கிடந்தவள். வேறு ஆசாரியிடம் கொடுத்துத் திருத்தலாம் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன், ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். அப்பா கடைசியாச் செஞ்சது இது, இதுல யாரும் கை வைக்கக் கூடாது, நீங்களும் வைக்கக் கூடாதுன்னு கத்தினாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். சத்தியமாவது ஒன்றாவது, பெற்றவளுக்கு அதெல்லாம் செல்லாது.

போன செவ்வாய்க்கிழமை நானே துணிந்து அவளை அப்பா முன்னால் நிறுத்தி, இவளை மறுபடி ஒருதரம் அளந்து பாருங்களேன் என்றேன். அளந்தார், கண்ணா. முழங்கையைப் பிடித்தார், விரல் வரைக்கும் தடவிக்கொண்டே வந்தார், மறுபடியும் பிடித்தார். அப்புறம் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, என்ன பெரியவனே, கை இப்படிச் சுருங்கிப் போச்சு, அங்க ஒழுங்காச் சாப்பிடறதில்லையான்னு கேட்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாப்பிடறேன்ப்பான்னு சொன்னாள். அப்ப கட்டையைக் குறைக்க வேண்டாம், நாலு நாள் அம்மா கையால சாப்பிட்டா கை பழையபடி ஆயிடும்னு சொல்லி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் இருந்தாள் என்று கேட்காதே. எனக்கு அழக்கூட வரவில்லை. மகள் உயிரோடு எதிரில் நிற்கும்போதே மகன் என்கிறாரே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

லீவு இல்லை, குழந்தைக்குப் பரீட்சை என்று ஆரம்பிக்காதே, எனக்குக் கேட்கத் தெம்பு இல்லை. நீ வந்தால் அப்பா குணமாகிவிடுவார் என்று சொல்லுகிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. உன் முகம் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் உன் கையைப் பிடித்தால் தெரியும், அது மட்டும் இன்னும் போகவில்லை, எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. அந்தத் துப்பாக்கியை அவள் என்னிடம் கொடுக்க மாட்டாள், கோச்சிடம் கொடுக்க மாட்டாள், அப்பாவிடம் திருப்பிக் கொடுக்கவே மாட்டாள். யாருடைய அளவோ அவனிடம், உன்னிடம்தான், கொடுப்பாள். கொடுத்துவிட்டு, கிளப் துப்பாக்கியோ எதுவோ, தன் இடத்தோளில் ஒன்றை எடுத்து வைப்பாள். உன்னைக் கெஞ்சித்தான் கேட்கிறேன், என் பெண்ணைக் காப்பாற்றிக் கொடு.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நீயும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, திட்டி எழுதினாலும் அதில் மாற்றமில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வந்து இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்காமல் நேரே பட்டறைக்குப் போய் அப்பா முன்னால் கையை நீட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா