சாயாக்கடைப் பக்கம் தாடையைக் காட்டிய அண்ணனுக்கு

செத்த பிறகும் என் கோபத்தைத் தின்று கொழுக்கிற என் பிரியமான அண்ணா,

நேற்று உனக்கு மாலை போட்டார்கள். சந்தை மைதானத்தில், நீ சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் புழுதி கிளப்பிய அதே இடத்தில், பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. மேலே ஒரு துணியில் ‘எல்லைத் தியாகி ஞானதாஸ்’ என்று எழுத்து. உன் படத்தை எங்கிருந்து பிடித்தார்களோ, மீசை முளைக்காத காலத்துப் படம். கடைசியில் உனக்கிருந்த முகத்தை வைத்திருந்தால் பாதிச் சனம் எழுந்து போயிருக்கும்.

மாநில எல்லைக் கோடு விழுந்த சேதி உனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடிய பிறகுதான் அது நடந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்துவிட்டன. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் நம் ஊரோடு சேர்ந்து மலையாளத்துப் பக்கமே நின்றுபோயின. நம் ஊர் மேடையில் உயிரைக் கொடுப்போம் என்று கத்தினவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள், கொஞ்சம் தொந்தி வேறு விழுந்திருக்கிறது. ஜெயித்திருந்தால் உன் ஞாபகம் யாருக்கு வந்திருக்கும்? தோற்றவர்களுக்கு ஒரு தியாகி வேண்டியிருந்தது. நீ தோதாகச் செத்துக் கிடந்தாய்.

உண்மையாகவே அடிபட்டவர்கள் உண்டு, ஜெயிலில் கிடந்து இருமி இருமிச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் வரிசையில் உன்னை நிறுத்தினதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. உனக்குக் கூசியிருக்காது. உனக்கு எப்போது கூசியது?

இந்தக் கடிதத்தை ஊரும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்.

சைக்கிள் விடுவது உன் தொழில். காலைத் தரையில் ஊன்றாமல் நாள்கணக்கில் ஒரே மைதானத்தைச் சுற்றுவாய். குளி, சாப்பாடு, சவரம் எல்லாம் சைக்கிளின் மேலேயே. மலையாளத்துக்காரர்கள் அதற்கு சைக்கிள் யக்ஞம் என்று பேர் வைத்து உன்னைப் பாதி சாமியாராகவே ஆக்கிவிட்டார்கள். நாகர்கோவில் தொட்டு கொல்லம் வரைக்கும் நீ சுற்றாத மைதானம் கிடையாது. சனங்களுக்குப் பெரிய அதிசயம் எது தெரியுமா? நீ கைவிட்டு ஓட்டினது அல்ல, பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ஓட்டினதும் அல்ல. நீ வெளிக்குப் போக இறங்காததுதான். “வயிறுகூட அடங்கிப் போச்சு, அருளாக்கும்” என்று கிழவிகள் கைகூப்பினார்கள்.

அருளாவது மண்ணாங்கட்டியாவது. அபின். தொடை வலியையும் கட்டும், வயிற்றையும் கட்டும். கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துப் பிசைந்து, லேகியம் என்று பேர் சொல்லி, உருண்டை உருண்டையாக மடியில் வைத்திருப்பாய். உன் புகழின் மூலதனம் அதுதான்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருஷத்தில் வக்கீல் குமாஸ்தா பொன்னையாவுக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதிப்பது எப்போதும் மற்றவன் உடம்பை வைத்துத்தான். ஹாண்டிலில் கொடியைக் கட்டி உன்னைச் சுற்றவிட்டார். “எலே, நம்ம பயல் கால ஊணமாட்டான். நம்மளும் பாறசாலய விடமாட்டோம்” என்று சாயங்காலம் தோறும் மைக்கில் முழங்கினார். நீ கால் ஊன்றாததற்கும் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மனுஷன் கேட்கவில்லை. நம் சனம் அப்படி. கோழி குறுக்கே நடந்தாலும் அர்த்தம் சொல்லும்.

தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்ததும் அதனால்தான். சவலைப் பிள்ளை, சூம்பின கால் பிள்ளை, நடக்கப் பிந்தின பிள்ளை. இறங்காமல் சுற்றுகிறவன் தின்கிற பண்டத்தில் ஒரு நுள்ளு கிடைத்தால் பிள்ளையின் காலுக்கு பலம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வேதக்காரிகளும் வந்தார்கள், கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். நீ வாழைப்பழம் பிய்த்துக் கொடுப்பாய், அவித்த மரச்சீனிக் கிழங்கு கொடுப்பாய். அது வரைக்கும் போனால் போகிறது என்று விடலாம்.

கொல்லயில் என்ற ஊரில் இருந்து வந்த தங்கத்துக்கு மரச்சீனி போதவில்லை. “அண்ணன் திங்குத லேகியத்துல ஒரு துண்டு தரணும், பிள்ளைக்குக் கால் நிமிரணும்” என்று சைக்கிளின் கூடவே ஓடினாள். மகள் அவள் இடுப்பில் இருந்தாள். நீ மடியில் கையைவிட்டு ஒரு உருண்டையை எடுத்து அவள் கையில் போட்டாய். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தட்டினால் உனக்குக் கண் தெரியாது.

பிள்ளை சற்று நேரத்தில் தூங்கிப்போனது. எழுப்பினால் எழும்பவில்லை. உதடு நீலம் பாய்ந்ததும் தங்கம் அலறினாள். மைதானத்துக்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்த கோபாலன்தான் ஓடிவந்தார். கன்னத்தில் தட்டி, தலையில் தண்ணீர் ஊற்றி, எழுப்ப வேறு வழி தெரியாமல் பால் சேர்க்காத கடுஞ்சாயாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் புகட்டினார். பிறகு தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ‘அபின், ஆனால் பிழைத்துக்கொள்ளும், அந்தக் கடுஞ்சாயா கொடுத்தது நல்லதாகப் போயிற்று’ என்று டாக்டர் சொன்னார். இதில் முதல் வார்த்தை மட்டும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. மற்றதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அப்போதுதான் நீ சைக்கிளை விட்டு இறங்கினாய். இறக்கினார்கள் என்பதுதான் சரி. கூட்டம் உன்னைச் சூழ்ந்து நின்றது. “அபின் எங்கேருந்து வந்தது?” என்று பொன்னையா கேட்டார். கோபாலன் கடை இருந்த பக்கம் தாடையை லேசாகத் தூக்கிக் காட்டினாய். அவ்வளவுதான்.

அது போதுமானதாக இருந்தது. கோபாலன் மலையாளத்துக்காரர். உனக்குச் சாயா அவர் கடையில் இருந்துதான் வந்தது. பிள்ளையின் வாயில் அவர் சாயா ஊற்றியதைத் தங்கமே கண்ணால் பார்த்திருக்கிறாள். நம் வீரனை வீழ்த்த எதிரி செய்த சதி என்று பொன்னையா மேடையில் ஏறும்போதே அங்கே கண்ணாடி அலமாரி உடைகிற சத்தம் கேட்டது. கோபாலன் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வரும்போது கடையில் ஒரு குப்பிக் கிளாஸ்கூட மிச்சம் இல்லை.

உனக்கு அதனால் என்ன லாபம் வந்தது? ஒன்றும் இல்லை. எதிரி கலந்தானோ நீ தின்றாயோ, அபின் சவாரிக்காரனை எந்த ஊர் கூப்பிடும்? சந்தேகமே போதும் என்று பாதிரியார், அப்பமும் ரசமும் தராமல், உன்னை ராப்போசனத்தில் இருந்து விலக்கினார். பொன்னையா வேறு யோசனைகளுக்குப் போய்விட்டார். கொடி கட்டின சைக்கிளில் மரச்சீனி மூட்டை கட்டி நீ சந்தைக்குப் போனாய். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாய், இறக்கத்திலும் இறங்கித் தள்ளினாய். கை நடுங்கினால் மடியைத் தடவுவாய். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் கொல்லத்தில் போட்ட மாலைகளைப் பற்றிப் பேசுவாய். அவர்கள் தலையாட்டிக்கொண்டே பஸ்ஸைப் பார்ப்பார்கள்.

கோபாலன் கடைக்கு முன்னால் மட்டும் நீ போகமாட்டாய். வயல் வரப்பு வழியாக, முழங்கால் சேற்றில் மூட்டையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போவாய். விஷம் வைத்தவன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று அம்மா சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு கௌரவமான காரணம் கொடுத்திருக்கிறோம் உனக்கு!

நோயில் படுத்த பிறகுதான் வாயைத் திறந்தாய். நீயே வாங்கினது, நீயே உருட்டினது, கோபாலனுக்கு ஒன்றும் தெரியாது என்றாய். “கர்த்தர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு பிள்ளே, அவரு மன்னிச்சிட்டாரு” என்றாய், ஏதோ வேலை முடிந்த மாதிரி.

கர்த்தரா அண்ணா சாயாக்கடை வைத்திருந்தார்? கர்த்தருடைய கண்ணாடி அலமாரியையா உடைத்தார்கள்?

“அம்மைக்குத் தெரியண்டாம்” என்றும் சொன்னாய். நான் சரி என்று சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கு அப்போது உன்னை அறைய வேண்டும் போலவும் இருந்தது, உன் காலைப் பிடித்துவிட வேண்டும் போலவும் இருந்தது. காலைத்தான் பிடித்துவிட்டேன். ஒரு காலத்தில் ஊரே தொட்டுக் கும்பிட்ட கால், விறகு போல இருந்தது.

இனி நேற்றைய கதை. “டீச்சர் ரெண்டு வார்த்த பேசணும்” என்று பொன்னையா வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். “பேச வரலேண்ணா அழுதாலும் மதி, போதும்.” நான் போனேன். அந்த ரெண்டு வார்த்தைக்காக மட்டும்தான் போனேன்.

மைக்கைப் பிடித்து, “எனக்க அண்ணனுக்கு யாரும் அபின் குடுக்கல்ல” என்றேன். “அவனே வாங்கி, அவனே உருட்டி, அவனே தின்னான். அந்தப் பிள்ளைக்கும் அவன்தான் குடுத்தான். கோபாலண்ணனுக்க சாயாதான் பிள்ளயக் காப்பாத்திச்சு. சாகதுக்கு முன்ன எனக்க அண்ணன் சொன்னதாக்கும் இது.”

பொன்னையா மெதுவாக என் கையில் இருந்து மைக்கை வாங்கினார். “பாவம், கூடப்பிறந்தவளாக்கும். துக்கத்துல என்னெல்லாமோ பேசுகா” என்றார். சனம் உச்சுக்கொட்டியது. பிறகு கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உன் படத்துக்கு இன்னொரு மாலை விழுந்தது.

உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பிப் போன என்னை என்ன சொல்ல? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கி நேரே ரோட்டைக் கடந்தேன். கோபாலன் கடை முன்பு இருந்ததில் பாதிதான் இப்போது. வழிப்போக்கர்களைத் தவிர நம் ஆட்கள் யாரும் ஏறுவதில்லை. பெண்பிள்ளைகள் எந்தச் சாயாக்கடையிலும் ஏறுவதில்லை. நான் ஏறி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“வேண்டா டீச்சறே” என்றார் கோபாலன். “எல்லாரும் நோக்கிக்கொண்டு நில்க்குந்நு.”

“நோக்கட்டு. ஒரு சாயா எடுங்க கோபாலண்ணா.”

கூட்டம் முழுவதும் உன் படத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியது. நான் குடித்தேன். சாயா பிரமாதம் என்று பொய் சொல்லமாட்டேன், சீனி கூடிப்போயிருந்தது. நான் சாய்ந்து விழுவேனா என்று பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. விழவில்லை. தங்கம் கடை வாசல் வரைக்கும் வந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடக்கிற மகள். ஏறுவாள் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விட்டாள். கிளாஸை வாங்கும்போது கோபாலன், “டீச்சறுடெ அண்ணன் என்னோடு ஒரு வாக்கு பறஞ்ஞிருந்நெங்கில் மதியாயிருந்நு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாம் அண்ணா. அந்த மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. இப்போது அவளால் எழுந்திருக்க முடிவதில்லை, கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. இன்று காலையில் உன் மாலைகளில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். “அந்தப் பாவி இன்னும் கட வச்சிருக்கானா?” என்று என்னிடம் கேட்டாள். கோபாலனைச் சபிக்காமல் அவள் ஒரு நாளும் ஜெபத்தை முடித்தது கிடையாது. அந்தச் சாபத்தோடு அவள் கண்ணை மூட நான் விடப்போவதில்லை.

இதை எழுதி முடித்ததும் உள்ளே போய் அவளிடம் சொல்லுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. உன்னைத் திட்டமாட்டேன், உனக்காகப் பரிந்தும் பேசமாட்டேன், நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். கேட்டுவிட்டு அவள் கோபாலனைக் கூப்பிடச் சொன்னால் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். உன்னைக் கூப்பிடச் சொன்னால் நான் என்ன செய்யட்டும் அண்ணா?

உன் ஒரே தங்கச்சி,
எஸ்தர்